ஐந்து ரத்தப் பொட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், தயவுசெய்து கடைசிவரை படித்துவிடு. அப்புறம் கிழித்துக்கொள்.

நேற்று உன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தேன். "வணக்கம், சொல்லுங்க" என்றாய். பதினோரு வருஷத்துக்குப் பிறகு உன் குரல். உடனே வைத்துவிட்டேன். மூன்று தடவை அப்படி வைத்தது நான்தான். கடையில் யாராவது உன்னைக் கேலி செய்திருந்தால் என்னைத் திட்டிக்கொள்.

எனக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, பிப்ரவரி பதினாறாம் தேதி. பிறந்த நிமிஷத்திலிருந்து ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறான். அவனுக்காக மெஷின் மூச்சு விடுகிறது. அவன் அழுவதில்லை. கையைத் தூக்கி விட்டால் ஈரத்துணி மாதிரி விழுகிறது. கண் மட்டும் நன்றாகத் திறக்கிறது. நாம் பேசினால் பேசுகிற பக்கம் பார்க்கிறான்.

அவன் ரத்தம், என் ரத்தம், என் வீட்டுக்காரர் ரத்தம் மூன்றையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. தசைக்கு வேலை கொடுக்கிற ஒரு மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறதாம். அது என்னிடமிருந்து அவனுக்குப் போயிருக்கிறது. பெண்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்றார்கள். ஆனால் இதே மாற்றத்தை இதற்கு முன் யாரிடமும் பார்த்ததில்லையாம். இவன் படுத்திருப்பதற்கு இதுதான் காரணமா, இல்லை மச்சம் மாதிரி சும்மா இருப்பதா, அவர்களால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு பெரிய பரிசோதனை செய்து, பெரிய டாக்டர் என்னிடம் சொன்ன பதில் "தெரியல."

மரபணு ஆலோசகர் என்று ஒரு மேடம் இருக்கிறார். குடும்பத்தைக் காகிதத்தில் மரமாக வரைகிறார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். "உங்க அம்மா பக்கத்துல குழந்தை எதுவும் தவறியிருக்கா?" என்று கேட்டார். உன் வட்டத்துக்குக் கீழே ஒரு கட்டம் போடச் சொன்னேன். போட்டு, அதன் மேல் ஒரு கோடு இழுத்தார்.

உன் மூத்தவன் பிறந்தபோது குதிகாலில் குத்தி ஒரு அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்திருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த அட்டைகளை இருபது வருஷம் வைத்திருக்கிறார்களாம். அதில் இதே மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். அதற்கு அவன் அம்மாவின் கையெழுத்து வேண்டும். படிவம் உள்ளே வைத்திருக்கிறேன்.

உன் மகளை நான் பார்த்ததுகூட இல்லை. ஒன்பது வயது இருக்கும். அவளுக்கு என் முத்தம், நீ அனுமதித்தால்.

குட்டி

•

மார்ச் 8, சனி

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. கடைக்குப் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் வாடிக்கையாளர் முன்னால் நிற்க முடியாது. எழுதுவதென்றால் எழுது.

உன் பிள்ளை பிழைக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ஆனால் என் பிள்ளையை ஏன் இதில் இழுக்கிறாய்? அவனுக்கு மரபணுவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மூன்று நாள் என் மடியில் பால் குடித்தான். உனக்குச் சளி என்று தெரிந்தும், "கிட்ட வராத" என்று நான் சொல்லியும், நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அவனைத் தூக்கி வைத்துக்கொண்டாய். நான் வந்தபோது நீ தும்மிக்கொண்டிருந்தாய். மறுநாள் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆறாம் நாள் போய்விட்டான். இதை எந்த மேடம் எந்தக் கட்டத்தில் வரைவார்?

படிவத்தைப் படிக்கவில்லை. கடையில் வேலை அதிகம்.

அக்கா

•

மார்ச் 10, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டினாலும் பதில் போட்டாயே. உன் கையெழுத்து மாறவே இல்லை, இன்னும் ஒவ்வொரு எழுத்தும் முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் நிற்கிறது.

நான் தூக்கினேன், தும்மினேன். இல்லையென்று ஒருநாளும் சொன்னதில்லை. பத்தொன்பது வயதில் செய்ததை இன்னும் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே வார்டுக்குள் போகும்போது முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போடுகிறேன். நர்ஸ், "போதும்மா, தோல் உரியுது" என்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்?

நான் இதை எழுதுவது பால் எடுக்கிற அறையில். அவனால் விழுங்க முடியாது. மெஷினில் பால் எடுத்துப் பாட்டிலில் ஊற்றித் தேதி ஒட்டிக் கொடுத்தால், மூக்கில் போட்ட குழாய் வழியாக விடுகிறார்கள். இந்த அறைக் கதவு மூன்று வாரமாகக் கிறீச்சிட்டது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து அதைச் சரிசெய்துவிட்டார். இந்த ஆஸ்பத்திரியில் எங்களால் சரிசெய்ய முடிந்தது அது ஒன்றுதான். நேற்று என்னிடம், "லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா நான் போய் பத்து நிமிஷத்துல இறக்கிடுவேன். இங்க என் பிள்ளையே மாட்டிக்கிட்டிருக்கான், ஓரமா நிக்கச் சொல்றாங்க" என்றார். ஓரமாக நானும் நின்றேன்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி.

மூத்தவனின் அட்டையில் அந்த மாற்றம் இருந்தால், ஒரே குடும்பத்தில் இரண்டு ஆண் பிள்ளைகள், இருவருக்கும் அதே மாற்றம், இருவருக்கும் மூச்சு. அப்படியென்றால் சந்தேகம் போய்விடும். இந்த நோய்க்கு இங்கே மருந்து இல்லை. பெரிய டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அப்படின்னா மெஷினை எடுக்கறதைப் பத்தி நாம உக்காந்து பேசணும்மா."

அட்டையில் அது இல்லையென்றால், சந்தேகம் சந்தேகமாகவே நிற்கும். அதன் பலனை இவனுக்குக் கொடுப்பார்கள். தொண்டையில் சின்னத் துளை போட்டு, அதில் மெஷினை மாட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து பார்க்கலாம் என்கிறார்கள். சில பிள்ளைகள் தேறியிருக்கிறார்களாம்.

புரிகிறதா அக்கா? அட்டையில் இருந்தால், மூத்தவனை நான் கொல்லவில்லை. ஆனால் என் பிள்ளை எனக்கு இல்லை. அட்டையில் இல்லையென்றால், நீ சொன்னது நிஜம், என் சளிதான் அவனைக் கொண்டுபோனது. ஆனால் என் பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது.

நான் எதற்காக வேண்டிக்கொள்கிறேன் என்று உனக்கே தெரியும். நான் குற்றவாளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். உன் பிள்ளையைக் கொன்றவளாகவே சாகும்வரை இருக்கிறேன். அதை ஒரு காகிதம் சொல்லட்டும்.

கையெழுத்துப் போடு அக்கா. அத்தானிடம் கேட்டிருந்தால் விவரம் சொல்லி உன்னைச் சம்மதிக்க வைத்திருப்பார். உனக்குப் பின்னால் போய் அவரைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை.

குட்டி

•

மார்ச் 15, சனி

குட்டி,

நாலு நாள் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கடையில் யாராவது வந்துவிடுகிறார்கள். நாள் முழுக்க "இப்ப தெளிவா இருக்கா, இதுல தெளிவா இருக்கா" என்று கேட்டு எனக்கு நாக்கு தேய்ந்துவிட்டது.

நீ அனுப்பிய படிவத்தைக் காணவில்லை. கடையிலா வீட்டிலா என்று தெரியவில்லை. தேடுகிறேன்.

அந்த அட்டையில் எத்தனை பொட்டு இருக்கும்? ஐந்தா? எடுத்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், வட்டம் வட்டமாக அச்சடித்திருந்தது. இந்தப் பரிசோதனைக்கு எத்தனை பொட்டை எடுப்பார்கள்? எல்லாவற்றையும் எடுத்துத் தீர்த்துவிடுவார்களா? அவனுடையது என்று எதுவும் இந்த உலகத்தில் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். எங்கோ ஒரு அலமாரியில் அவன் ரத்தம் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த மேடத்திடம் கேட்டு எழுது.

உன் பையனுக்கு என்ன பெயர்? எதுவும் எழுதவில்லையே. யார் ஜாடை? நீ சாப்பிடுகிறாயா? பால் எடுக்கிறவள் பட்டினி கிடந்தால் பால் எங்கிருந்து வரும்? உன்னை எனக்குத் தெரியும், கவலை வந்தால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாய்.

அவசரப்படாதே. பச்சைக் குழந்தைகள் திடீரென்று தேறும். ஒரு மாதம் இன்னும் பார்க்கட்டுமே, என்ன கெட்டுவிடும்?

அக்கா

•

மார்ச் 17, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

மேடத்திடம் கேட்டேன். ஐந்து பொட்டு. அதில் ஒன்றிலிருந்து கொத்தமல்லி விதை அளவுக்கு வட்டமாக வெட்டி எடுப்பார்களாம், அவ்வளவுதான். மீதி அப்படியே இருக்கும். "அந்த அம்மா கேட்டா, மிச்சத்தை அவங்ககிட்டயே கொடுக்கவும் வழி இருக்கு" என்றார். அதற்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். தொலைந்துபோன படிவத்துக்குப் பதில் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்றைத் தொலைத்தாலும் ஒன்று மிஞ்சும். உன் பீரோவில் ஒரு ஊசிகூட இடம் மாறாது, நீயா படிவத்தைத் தொலைத்தாய்?

பெயர் வைக்கவில்லை. தொட்டிலில் என் பெயரைப் போட்டு "குழந்தை" என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் "முதலாளி" என்று கூப்பிடுகிறோம். கையைக் காலை அசைக்காமல் படுத்துக்கொண்டே ஆறு பேரை வேலை வாங்குகிறான் என்று சீனியர் சிஸ்டர் வைத்த பெயர். நாடி உன்னுடையது. நிஜமாகத்தான். அந்த நடுக்குழி அப்படியே இருக்கிறது.

இன்னும் ஒரு மாதம் பார்த்தால் என்ன கெடும் என்று கேட்டாய். நீ ஒரு தடவை வந்து பார்த்தால் கேட்கமாட்டாய். ஒரு நாளைக்குப் பல தடவை தொண்டைக்குள் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சுகிறார்கள். அவனுக்கு வலிக்கிறது. முகம் சிவக்கிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது, சத்தம் மட்டும் வருவதில்லை. சத்தமில்லாமல் அழுகிற பிள்ளையை எப்படிச் சமாதானம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. துடைத்துவிடுகிறேன். இதற்கு ஒரு பயன் உண்டு என்று தெரிந்தால் ஆயிரம் தடவை பொறுத்துக்கொள்வேன். பயனில்லை என்று தெரிந்தால் இன்னொரு தடவைகூட விடமாட்டேன். எது என்று தெரியாமல் தினமும் பக்கத்தில் நிற்கிறேன் பார், அதுதான் என்னால் முடியவில்லை.

சாப்பிடுகிறேன். சாப்பிடுகிறாயா என்று நீ கேட்டதை வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

குட்டி

•

மார்ச் 20, வியாழன்

குட்டி,

போட்டுவிட்டேன். இரண்டு பிரதியிலும் போட்டிருக்கிறேன். தேதியும் எழுதியிருக்கிறேன். இன்றைய கூரியரில் வருகிறது.

மிச்சப் பொட்டை எனக்கே தரச் சொல்.

அக்கா

•

மார்ச் 28, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறது.

இன்று காலை பதினொரு மணிக்குச் சின்ன அறை ஒன்றில் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்கள். பெரிய டாக்டர், மரம் வரைகிற மேடம், சீனியர் சிஸ்டர். மேசையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்ததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூத்தவனுக்கும் அதே இடத்தில் அதே மாற்றம். இவனுடைய மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்த்தால் இனிச் சந்தேகம் இல்லை என்றார்கள். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்கா குழந்தைக்கு நடந்தது யாரோட தப்பும் இல்ல, அதை நீங்க தெரிஞ்சுக்கணும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எழுந்து அவரை அறைந்துவிடுவேனோ என்று பயந்து கையை உருவிக்கொண்டேன்.

இத்தனை வருஷம் எந்த வார்த்தைக்காக ஏங்கினேனோ அதை இன்று கொடுத்துவிட்டார்கள். எனக்கு வேண்டாம் அக்கா. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்ல ஒரு வழியும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எடுத்தா அவனுக்கு மூச்சு முட்டுமா?" முட்டாமல் இருக்க மருந்து கொடுப்போம், தூங்குவது போல இருக்கும் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எடுக்கிறார்கள். அதுவரை குழாய் விட்டுச் சளி எடுப்பதைக் குறைத்துவிட்டார்கள். இன்று அவன் முகம் சிவக்கவில்லை.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். மூத்தவனுக்கு இருந்ததால் உனக்கும் அது இருக்க வாய்ப்பு அதிகம். உனக்கு இருந்தால் உன் மகள் பாப்பாவுக்குப் பாதிக்குப் பாதி. அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பின்னால் அவள் ஒரு குழந்தைக்கு அம்மாவாகும் முன் தெரிந்திருக்க வேண்டும். மேடம் உனக்கு நேராகக் கடிதம் போடுவார். பயப்படாதே.

நீ வர விரும்பினால் செவ்வாய்க்கு முன்னால் வா. வாசலில் என் பெயரைச் சொன்னால் விடுவார்கள்.

குட்டி

•

ஏப்ரல் 1, செவ்வாய்

என் குட்டிக்கு,

மணி பத்தேகால். கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே இப்போது என்ன நடக்கிறது என்று தெரியும். நான் வரவில்லை. டிக்கெட் எடுத்தேன். நேற்று பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லை, சொல்லாமல் உன் பிள்ளையைப் பார்க்கவும் தைரியம் இல்லை.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி.

மூத்தவன் இறந்த பதினேழாம் நாள் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் எனக்குக் கொடுத்தது. அவன் ரத்தத்தில் எந்தக் கிருமியும் வளரவில்லை என்று அதில் இருக்கிறது. மூன்றாவது வரி. கடைசியில், "தசை பலவீனம் பரம்பரையாக இருக்கலாம். தாயும் தாயின் சகோதரிகளும் கருத்தரிக்கும் முன் மரபியல் மருத்துவரைப் பார்க்கவும்" என்று எழுதி, "சகோதரிகளும்" என்பதன் கீழ் அவரே பேனாவால் கோடு போட்டிருக்கிறார். "உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தக் கோட்டைப் போட்டார். "இருக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். நீ வாசலிலேயே நின்றிருந்தாய். அழுது அழுது மூஞ்சி வீங்கியிருந்தது. "டாக்டர் என்னக்கா சொன்னார்?" என்று கேட்டாய். "சளின்னு சொன்னார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். கிருமி இல்லையென்றால் அது என் உடம்பு. என் வயிற்றில்தான் அவனுக்கு அது வந்தது. அதை என்னால் சுமக்க முடியவில்லை. நீ பக்கத்தில் இருந்தாய், உன் தலையில் ஏற்றிவிட்டேன். உன்மேல் கோபப்பட்டதால்தான் எழுந்து நடமாடினேன், வேலைக்குப் போனேன். நாளாக ஆக நானே அதை நம்பிவிட்டேன். முழுக்க நம்பினேன் என்று சொன்னால் அது பொய். பாப்பா வயிற்றில் இருந்தபோது, பிறந்து பெண் என்று தெரியும்வரை நான் தூங்கவில்லை. நம்பியிருந்தால் தூங்கியிருப்பேனே.

உனக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டபோது சொல்லியிருக்கலாம். ஏழு வருஷம் இருந்தது. ஒரு நாள் கடிதம் எழுதி ஸ்டாம்புகூட ஒட்டினேன். அனுப்பவில்லை.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே அட்டையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். படிவம் தொலையவில்லை. என் கைப்பையில் இருந்தது. கையெழுத்துப் போடாதவரை உன் பிள்ளை இருப்பான் என்று வைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு வலிக்கிறது என்று நீ எழுதியதும் போட்டுவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

உன் அக்கா

•

ஏப்ரல் 20, ஞாயிறு

அக்காவுக்கு,

முதலாளி அன்று காலை ஒன்பதே முக்காலுக்குக் குழாய் எடுத்த பின் இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம் இருந்தான். என் நெஞ்சின் மேல்தான் இருந்தான். முகத்தில் பிளாஸ்திரி இல்லாமல் அன்றுதான் அவனை முழுசாகப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் அவன் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு முட்டவில்லை. டாக்டர் சொன்னபடிதான் இருந்தது. ஆக மொத்தம் நாற்பத்தைந்து நாள்.

உன் கடிதம் மூன்றாம் தேதியே வந்தது. பத்து நாள் கழித்துத்தான் பிரித்தேன். படித்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். படித்து முடித்து மேசையில் வைத்தார். "இது தெரிஞ்சிருந்தா நாம முன்னாடியே டெஸ்ட் பண்ணியிருப்போம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இவன் வந்திருக்கவே மாட்டான்" என்றார்.

நீ சொல்லியிருந்தால் அவன் அந்த வலியைப் பட்டிருக்க மாட்டான். நீ சொல்லியிருந்தால் அவனே இருந்திருக்க மாட்டான். காலையில் எழுந்ததும் முதல் வாக்கியம் நிற்கிறது, உன்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுத முடியாது. மத்தியானம் போல இரண்டாவது வருகிறது. அவன் கண்ணைத் திறந்து என் பக்கம் பார்த்தது வருகிறது. அதை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. எதை வைத்து உன்னைத் திட்டுவது, எதை வைத்து விடுவது என்று தெரியாமல் திண்டாடுகிறேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். இருந்தால் கொடுப்பேன். இப்போது என்னிடம் இல்லை. இனி வருமா என்றும் தெரியாது. உனக்குப் பொய் சொல்ல நான் விரும்பவில்லை. நம் இரண்டு பேருக்கும் போதுமான அளவு பொய் சொல்லியாகிவிட்டது.

டாக்டர் கொடுத்த அந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அதை எனக்குக் கொடுக்க வேண்டிய காலம் போய்விட்டது. இப்போது அது பாப்பாவுடையது. அதோடு முதலாளியின் முடிவையும் பின் செய்திருக்கிறேன். மரபணுவின் பெயர், மாற்றம் எந்த இடத்தில், எல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. அவளுக்குப் புரிகிற வயது வந்ததும் உட்காரவைத்துச் சொல். உன் வாயால் சொல். அவளுக்குப் பதினெட்டு முடிந்த மறுநாள் நான் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை எழுதுகிறவளாக நான் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் சித்தி